கருமணல்ல கத்துற டிடெக்டர்: செட்டிங் சொல்லுங்க

திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரையில மெட்டல் டிடெக்டர் ஓட்டுறவங்க உதவுங்க. மிஷின் ஒற்றை அலைவரிசை வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அலைவரிசையில ஓடுற வகை), 11 இன்ச் டபுள்-டி காயில் (ரெண்டு D வடிவக் கம்பிச் சுருள் உள்ள தேடுற தட்டு). காய்ஞ்ச மணல்ல பிரச்சினையே இல்ல. ஈரத்துல கருமணல் கோடு கோடா படிஞ்ச இடத்துக்கு வந்தா, காயிலை வீசுற ஒவ்வொரு தடவையும் கத்துது. ஸ்பீக்கர் காந்தத்தை பாலித்தீன் கவர்ல சுத்தி இழுத்துப் பார்த்தாச்சு. தாடி மாதிரி ஒட்டுது, மேக்னடைட்ங்கிற இரும்புத் தாதுதான்.

காயிலை 3-லேர்ந்து 30 செ.மீ. வரைக்கும் தூக்கித் தாழ்த்தி கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணோட சிக்னலை மிஷின் கண்டுக்காம விடுற செட்டிங்) பண்ணினா கருமணல் அடங்குது. ஆனா உப்புத்தண்ணி மின்சாரம் கடத்துறதால அதோட சிக்னல் வேற ஃபேஸ்ல (அலை வந்து சேர்ற நேரத் தள்ளல்ல) வருது. அதுக்கு பேலன்ஸ் பண்ணினா கருமணல் திரும்பக் கத்தும். ஒரே அலைவரிசையில ரெண்டையும் சேர்த்து அடக்க முடியாது. டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத சிக்னலை ஒதுக்குற செட்டிங்) ஏத்தச் சொல்லாதீங்க; மிஷின் திரையில காட்டுற எண்ணுல மெல்லிய தங்கச் சங்கிலியும் உப்பு விழுற எண்ணுக்குப் பக்கத்துலயே விழுது, அதுவும் சேர்ந்து போயிடும்.

கேள்வி ரெண்டு. 6 இன்ச் காயிலுக்கு மாறினா சத்தம் குறையும், சரி. மோதிரம் எவ்வளவு ஆழம் வரை கேக்குது? பல்ஸ் இண்டக்ஷன் (விட்டு விட்டுத் துடிப்பு அனுப்புற வகை) மிஷின் வெச்சிருக்கவங்க இங்க டிலே, அதாவது துடிப்பு நின்னதும் சிக்னலைக் கேக்குறதுக்கு முன்னாடி காத்திருக்கிற நேரம், எத்தனை மைக்ரோ செகண்ட் வைக்கிறீங்க? கூட்டினா உப்பு மறையும், மெல்லிய சங்கிலியும் மறையும். காசிமேடு பக்கம் படகு ஆணி வேற நிறைய, அதையும் கணக்குல வெச்சு சொல்லுங்க.