மீன்டோன்: ஓநாய் தப்பான இடத்தில் ஊளையிடுகிறது

விண்டோஸ் 11, 61 கட்டை மிடி கீபோர்டு, ஸ்காலா கோப்பு (சுருதி அமைப்பை எழுதிவைக்கும் கோப்பு) ஏற்கும் ஓர் இலவச ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம்) பிளகின். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டியை வாசிக்க, மேஜர் தேர்டுகளைச் சுத்தமாக வைக்கும் பழைய சுருதி முறையான கால்-கோமா மீன்டோனை ஏற்றினேன். சி–ஈ துளியும் அலையாமல் நிற்கிறது. அதற்காகத்தானே இத்தனை பாடு!

போன வாரம் ஏ = 415 ஹெர்ட்ஸ் (வழக்கமான 440-க்கு அரைச்சுரம் கீழே) கொடுத்தேன். அப்போதிருந்து ஸ்கேலே ஏ-யிலிருந்து தொடங்குகிறது. ஜி ஷார்ப்–ஈ ஃபிளாட்டில் இருக்க வேண்டிய சுமார் 738 சென்ட் (அரைச்சுரம் = 100 சென்ட்) ஓநாய் ஃபிஃப்த், அதாவது இந்தச் சுருதியில் அபசுரமாக ஊளையிடும் அந்த ஒரே ஃபிஃப்த், எஃப்–சி-க்கு வந்துவிட்டது. எஃப் மேஜரைக் காதில் வாங்க முடியவில்லை.

கேபிஎம் கோப்பில் (எந்தக் கட்டைக்கு எந்தச் சுரம் என்று சொல்லும் ஸ்காலாவின் துணைக்கோப்பு) நடு நோட் 60 (சி), ஆதார நோட் 69 (ஏ), 415 என்று எழுதிப் பார்த்தேன். பிளகின் சட்டையே செய்யவில்லை. ஏ-யைப் பழையபடி 440-இல் வைத்து டிரான்ஸ்போஸை அரைச்சுரம் இறக்கினால் ஓநாய் ஏ–ஈ கட்டைகளுக்குத் தாவுகிறது. மறுபடி இன்ஸ்டால் செய்தும் அதே கதைதான்.

கேபிஎம் இல்லாமலே, ஸ்கேல் சி-யில் தொடங்க, ஏ மட்டும் 415-இல் நிற்க என்ன வழி?