குடும்பமே உலகமாக வாழ்ந்த தந்தையைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி:
91 வயதில் காலமான என் தந்தையைப் பற்றி நினைவுக் குறிப்பு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. பதவி, விருது, மேடை என்று எதுவும் இல்லாமல், அம்மாவையும் எங்கள் நால்வரையும் சுற்றியே வாழ்ந்து முடித்த மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ‘பாசமானவர்’, ‘பொறுப்பானவர்’ என்பதைத் தாண்டிப் பேனா நகர மறுக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 1:
அடைமொழிகளை ஒதுக்கிவிட்டு அவர் செய்ததை எழுதுங்கள். என் தாத்தா, பாட்டிக்குப் பார்வை மங்கிய பிறகு, மாத்திரை அட்டைகளின் மேல் ‘காலை’, ‘இரவு’ என்று தடித்த எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, அதையும் நம்பாமல் வேளை தவறாது தாமே எடுத்துக் கையில் கொடுப்பார். அவரைப் பற்றி நான் எழுதியதில் உறவினர்கள் இன்றும் சொல்வது அந்த ஒரு வரியைத்தான்.

மறுமொழி 2:
உடன்பிறந்தவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூத்தவர் கண்ட இளவயதுத் தந்தையும் கடைக்குட்டி கண்ட ஓய்வுபெற்ற தந்தையும் ஏறக்குறைய இரு வேறு மனிதர்கள். அம்மா நலமாக இருந்தால், அவர் பேசுவதைக் கைபேசியில் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். ஆண்டுகளை மட்டும் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

மறுமொழி 3:
அவருடைய முன்கோபத்தையும் பிடிவாதத்தையும் விட்டுவிடாதீர்கள். குறையே இல்லாதவராக எழுதினால் (இரங்கல் குறிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன) பேரப்பிள்ளைகளுக்கே அவரை அடையாளம் தெரியாது.