மறக்கப்பட்ட ஆஸ்திரேலிய சிங்கிள்கள்: மறதி என்பது தீர்ப்பாகுமா?

கருந்தட்டு:

ஆஸ்திரேலிய ராக் இசை என்று பேச்செடுத்தால் ஏசி/டிசி, இன்எக்ஸ்எஸ், மிட்நைட் ஆயில் ஆகிய மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பெருங்குழுக்கள் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால் 1966 முதல் 1986 வரையிலான காலத்தில் அந்த நாட்டின் இசை வரலாறு பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பாடலாக, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் வகையில் வந்த சிங்கிள் தட்டுகளில்தான் பதிவாகியிருக்கிறது என்றும், அவற்றில் பெரும்பகுதி இன்று கேட்பாரற்றுக் கிடக்கிறது என்றும் நான் கருதுகிறேன்.

ரஸ்ஸல் மோரிஸ் பாடி 1969இல் வெளிவந்த 'தி ரியல் திங்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினாலே வானொலி நிலையங்கள் முகம் சுளித்த காலத்தில் அது ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடியது. ஜானி யங் எழுதிய எளிய மெட்டை மெல்பர்னின் ஆம்ஸ்ட்ராங் ஒலிப்பதிவுக்கூடத்துக்குக் கொண்டுபோன தயாரிப்பாளர் இயான் 'மாலி' மெல்ட்ரமும் ஒலிப்பதிவாளர் ஜான் சேயர்ஸும் அதன்மீது அடுக்கடுக்காக ஒலிகளை ஏற்றினார்கள். வெறும் கிட்டார் மீட்டலில் தொடங்கும் பாடல், பாடகரின் குரலே சுழன்று சுழன்று வருவதுபோல் மாறி, இறுதியில் நாஜி ஜெர்மனியின் சிறுவர்கள் கூட்டமாகப் பாடும் பழைய பதிவொன்றில் போய் முட்டி, ஒரு பெருவெடிப்போடு முடிகிறது. காதல் பாடல் கேட்க வந்த பதின்பருவத்தினரிடம் அதைக் கொடுத்தார்கள். அவர்களும் அதை நாட்டின் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஸ்பெக்ட்ரம் குழுவின் 'ஐல் பி கான்' 1971இல் வந்தது. மவுத் ஆர்கன் ஒலியோடு தொடங்கும் அந்தப் பாடலில் மைக் ரட் எதையும் அழுத்திச் சொல்வதில்லை. கிளம்பிப் போகிறவன் வாசலில் நின்று பேசுவதுபோலப் பாடிவிட்டுப் போகிறார். குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தில் அதைச் சேர்க்கவில்லை. ஆகவே ஆல்பங்களின் வழியே வரலாற்றைத் தேடுகிறவர் கையில் அந்தப் பாடல் அகப்படாது. இத்தகைய பாடல்களை ஒவ்வொன்றாக மீட்டெடுத்துக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நேர்நிறை:

நண்பர் கருந்தட்டு அவர்களின் ஈடுபாட்டை மதிக்கிறேன்; ஆனால் அவருடைய கருத்தின் அடித்தளத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காலம் கழித்துவிட்டதை எல்லாம் புதையல் என்று கருதுவது இளமைக்கால ஏக்கத்தின் இயல்பு. கழிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை கழிக்கப்பட வேண்டியவையே.

1970ஆம் ஆண்டின் வானொலித் தடையை நினைத்துப் பாருங்கள். தட்டுகளை ஒலிபரப்புவதற்கு நிலையங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்று பெரிய இசை நிறுவனங்கள் கேட்டன. தனியார் வானொலி நிலையங்கள் மறுத்தன. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை அந்த நிறுவனங்களின் தட்டுகள் ஒலிபரப்பாகவே இல்லை. அந்த இடைவெளியில் உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் என்ன செய்தன? பிரிட்டனில் வெற்றி பெற்ற பாடல்களை உள்ளூர்க் குழுக்களைக் கொண்டு மறுபடியும் பாடவைத்து வெளியிட்டன. மங்கோ ஜெர்ரியின் 'இன் தி சம்மர்டைம்' பாடலை மிக்ஸ்சர்ஸ் என்ற மெல்பர்ன் குழு பாடி முதலிடம் பிடித்தது. அசல் வானொலி நிலையத்தின் வாசலில் நிறுத்தப்பட்டிருந்தபோது நகல் பெற்ற வெற்றியை நாம் எதற்காகக் கொண்டாட வேண்டும்? 'தி ரியல் திங்' பாடலிலும்கூட லண்டனில் இரண்டாண்டுகளுக்கு முன்பே செய்து முடித்த சோதனைகளின் எதிரொலியையே நான் மிகுதியாகக் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோல்ட் சிசல் குழுவின் 'கே சான்' 1978இல் வந்தபோது, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரனின் கதையைச் சொன்ன அதன் சொற்களுக்காக, அடிலெய்ட் தவிரப் பிற நகரங்களின் தனியார் நிலையங்கள் அதை ஒதுக்கின. நாடளாவிய தரவரிசையில் அது 41ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆயினும் இன்று எந்த மதுவிடுதியிலும் மொத்தக் கூட்டமும் அதை மனப்பாடமாகப் பாடுகிறது. தகுதியுள்ள பாடலை மக்கள் தாங்களே தூக்கிச் சுமப்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கருந்தட்டு:

'கே சான்' பற்றி நீங்கள் சொன்ன செய்திகள் அனைத்தும் சரியானவை. அவற்றிலிருந்து நீங்கள் வந்தடையும் முடிவோடுதான் எனக்குப் பிணக்கு. அந்தப் பாடலைச் சுமக்க ஆள் இருந்தது. அது இடம்பெற்ற ஆல்பம் கடைகளில் இருந்தது. குழு நாட்டிலேயே பெரும்புகழ் அடைந்தது. 1983இல் குழு கலைந்த பிறகும் அதன் பாடகர் ஜிம்மி பார்ன்ஸ் மேடையை விட்டு இறங்கவில்லை. சுமக்க ஆளில்லாத பாடல்களின் கதி என்ன என்பதே என் கேள்வி.

மெல்பர்னின் லவ்டு ஒன்ஸ் குழுவைப் பாருங்கள். 1966இல் 'தி லவ்டு ஒன்' என்ற சிங்கிளை வெளியிட்டார்கள். கைதட்டல்கள் தாளத்தை இழுத்துப் பிடிக்க, ஜெரி ஹம்ஃப்ரிஸ் பாதி மூச்சிலும் பாதிக் கரகரப்பிலுமாக அந்தப் பாடலைப் பாடுகிறார். அந்தக் குரலுக்கு லண்டனில் இணையான ஒருவரை எனக்குக் காட்டுங்கள். அடுத்த ஆண்டே குழு கலைந்துவிட்டது. ஹம்ஃப்ரிஸ் பின்னாளில் இங்கிலாந்தில் குடியேறினார். 1981இல் இன்எக்ஸ்எஸ் குழு அதை எடுத்துப் பாடியிராவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்த மெட்டே தெரிந்திருக்காது. இன்றும் பலர் அதை இன்எக்ஸ்எஸ் பாடல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நகல் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். தடைக்காலத்தில் நகல்கள் குவிந்தன என்பது உண்மை. ஆனால் அதே மிக்ஸ்சர்ஸ் குழு, அந்த வெற்றி தந்த துணிவில், இட்ரிஸ் ஜோன்ஸும் அவருடைய சகோதரர் இவானும் எழுதிய 'தி புஷ்பைக் சாங்' பாடலை வெளியிட்டது. அது 1971இல் பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை ஏறியது. நகல் எடுக்கப் பழகிய கை சொந்தமாக எழுதத் தொடங்கியதை வளர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும். சிட்னியின் வில்லவுட் குடியேறிகள் விடுதியில் சந்தித்துக்கொண்ட பிரிட்டிஷ், டச்சு இளைஞர்கள்தான் ஈசிபீட்ஸ் குழுவை அமைத்தார்கள். அவர்களை எந்த நாட்டின் நகல் என்று வகைப்படுத்துவீர்கள்?

தென்கடல்:

இருவரும் பெரும்பாலும் சிட்னி, மெல்பர்ன் ஆகிய இரு நகரங்களை விட்டு வெளியே வரவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன்.

பிரிஸ்பேனின் செயின்ட்ஸ் குழு 1976 செப்டம்பரில் 'ஐ'ம் ஸ்ட்ராண்டட்' என்ற சிங்கிளைத் தங்கள் சொந்த இசை நிறுவனத்தின் பெயரில் ஐந்நூறு படிகளே அச்சிட்டு வெளியிட்டது. டேம்ன்ட், செக்ஸ் பிஸ்டல்ஸ் ஆகிய லண்டன் பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் பாணி) குழுக்களின் முதல் சிங்கிள்களுக்குச் சில வாரங்கள் முந்தியது அது. லண்டனின் 'சவுண்ட்ஸ்' இதழ் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பிறகுதான் சொந்த நாட்டு நிறுவனம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. லண்டன் முந்தியது, ஆஸ்திரேலியா எதிரொலித்தது என்ற நேர்நிறை அவர்களின் வரிசை இங்கே தலைகீழாகிறது.

நிலத்தின் நடுப்பகுதிக்குச் செல்வோம். பப்புன்யா என்ற பாலைவனக் குடியிருப்பிலிருந்து வந்த வாரும்பி பேண்ட், 1983இல் 'ஜைலாங்குரு பகார்னு' என்ற சிங்கிளை லூரிட்ஜா மொழியில் வெளியிட்டது. சிறையிலிருந்து வெளியே வருபவனின் பாடல் அது. பூர்வகுடி மொழியொன்றில் வெளிவந்த முதல் ராக் சிங்கிள் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். பழைய பாடல் நிகழ்ச்சிகளில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறீர்கள்? அதை ஒலிபரப்பாதவர்கள் அதன் தரத்தை எடைபோட்டுத்தான் தள்ளினார்கள் என்று சொல்ல முடியுமா?

நம்மவர் ஒருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. கோலாலம்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1953இல் படிப்பதற்காக அடிலெய்ட் வந்த கந்தையா கமலேஸ்வரன், கமால் என்ற பெயரில் ஆஸ்திரேலியாவின் வீட்டுக்கு வீடு அறிந்த பாடகரானார். அவருடைய 'தி எலிஃபன்ட் சாங்' 1975இல் நெதர்லாந்தில் முதலிடம் பிடித்தது. அவர் ராக் பாடகர் அல்லர் என்பதாலேயே இத்தகைய நினைவுப் பட்டியல்கள் அவரைத் தொடுவதில்லை. பாப் சிங்கிள்களைப் பற்றியும் பேசுவதாக இருந்தால் அந்த ஆழ்ந்த குரலுக்கும் இடம் வேண்டும்.

நேர்நிறை:

தென்கடல் அவர்கள் சொன்ன வாரும்பி பேண்ட் பாடலை என் வாதத்தின் எல்லைக்குள் கொண்டுவர முடியாது என்பதை உடனே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு மறந்தது வேறு. கேட்கவே விடாதது வேறு. முதல் வகைக்கு மட்டுமே காலத்தின் தீர்ப்பு என்ற சொல் பொருந்தும். ஆகவே இந்த விவாதத்தில் நாம் இரண்டையும் ஒரே கூடையில் போடக் கூடாது. வானொலியில் வாரக்கணக்கில் ஒலித்து, கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்று, பிறகு மங்கிய பாடலுக்காக இரங்குவதையே நான் எதிர்க்கிறேன்.

அதோடு, உண்மையில் சிறந்தவற்றைத் துறையினர் மறக்கவில்லை. இசைப் படைப்பாளர்களுக்கு உரிமத்தொகை பெற்றுத்தரும் ஆப்ரா அமைப்பு 2001இல் தன் 75ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்ட தலைசிறந்த 30 ஆஸ்திரேலியப் பாடல்களின் பட்டியலில் ஈசிபீட்ஸ் குழுவின் 'ஃபிரைடே ஆன் மை மைண்ட்' முதலிடத்தில் இருந்தது. கருந்தட்டு அவர்கள் பரிந்து பேசும் 'தி லவ்டு ஒன்' அதில் உண்டு. கோ-பிட்வீன்ஸ் குழுவின் 'கேட்டில் அண்ட் கேன்' உண்டு. டிரிஃபிட்ஸ் குழுவின் 'வைட் ஓப்பன் ரோடு' உண்டு. இவற்றை எப்படி மறக்கப்பட்டவை என்பது?

கருந்தட்டு:

துறை சார்ந்த நூறு பேர் கூடித் தேர்ந்தெடுத்த பட்டியல் அது. துறையினரின் நினைவும் கேட்பவர்களின் நினைவும் ஒன்றல்ல. பெர்த் நகரத்து டிரிஃபிட்ஸ் பாடிய 'வைட் ஓப்பன் ரோடு' 1986இல் பிரிட்டனில் 26ஆம் இடம்வரை சென்றது. எந்த நாட்டின் நெடுஞ்சாலையைப் பாடியதோ அந்த நாட்டின் தரவரிசையில் முதல் ஐம்பதுக்குள்கூட அது வரவில்லை. அன்று கேட்காதவர்களிடம் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு பட்டியலை நீட்டினால் பாடலின் பெயர் மட்டும்தான் போய்ச் சேரும்.

நினைவைக் காக்க வேண்டியவர்களே அழித்த கதையும் உண்டு. 1974 முதல் 1987 வரை ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் தொலைக்காட்சியில் வந்த 'கவுண்ட்டவுன்' நிகழ்ச்சிதான் நாட்டின் சிங்கிள் விற்பனையையே தீர்மானித்தது. அதன் தொடக்க ஆண்டுகளின் ஒளிநாடாக்கள் பலவற்றை அழித்து, மேலே வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துவிட்டார்கள். அவற்றில் பாடிய சிறு குழுக்கள் எப்படி நின்றார்கள், எப்படிப் பாடினார்கள் என்பதைப் பார்க்க இன்று வழியில்லை. இதைக் காலத்தின் தீர்ப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

நீங்கள் குறிப்பிட்ட 'கேட்டில் அண்ட் கேன்' பாடலைப் பொறுத்தவரை, பட்டியலை விட்டுவிட்டு ஒருமுறை தாளத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். 1983இல் வந்த பாப் சிங்கிள் அது. ஆனால் நான்கு நான்காக எண்ணினால் கணக்கு இடறும். ஐந்து, இரண்டு, நான்கு என்று பதினொன்றாகக் கூடும் சுழற்சி அது. லிண்டி மாரிசன் டிரம்ஸில் அந்தக் கணக்கை வெளியே தெரியவிடாமல் நடத்திச் செல்கிறார். கரும்பு வயல்களின் வழியே வீட்டுக்கு நடக்கும் குவீன்ஸ்லாந்துச் சிறுவனைப் பற்றி கிராண்ட் மெக்லென்னன் லண்டனில் இருந்துகொண்டு எழுதியது; கடைசிப் பகுதியில் ராபர்ட் ஃபார்ஸ்டரின் குரல் பேச்சாகவே நுழைகிறது. இதற்கு லண்டனில் மூலம் எங்கே இருக்கிறது?

நேர்நிறை:

அதற்கு மூலம் எதுவும் இல்லை. அந்தத் தாளச் சுழற்சியை எண்ணிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. அந்தப் பாடலின் தகுதியை நான் எப்போதும் மறுத்ததில்லை. அழிந்த ஒளிநாடாக்களைப் பற்றியும் நமக்குள் வேற்றுமை இல்லை. ஒரு பாடல் நல்லதா இல்லையா என்று சொல்வதற்கு முன்னால் அது கையில் இருக்க வேண்டும்.

ஆனால் 'தி புஷ்பைக் சாங்' விஷயத்தில் என் நிலை மாறாது. அதையும் 'இன் தி சம்மர்டைம்' பாடலையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேளுங்கள். மூச்சொலியைத் தாளமாக்கும் உத்தி, துள்ளிப்போகும் நடை, கோடைக்கால உல்லாசம் எல்லாம் அங்கிருந்து இங்கே வந்தவை. பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்ததால் அது சொந்தப் படைப்பாகிவிடாது. நீங்கள் மீட்டெடுக்கும் தொகுப்பில் 'தி லவ்டு ஒன்' பாடலுக்கும் 'ஜைலாங்குரு பகார்னு' பாடலுக்கும் பக்கத்தில் அதையும் வைப்பீர்களானால், எனக்கு அந்தத் தொகுப்பில் உடன்பாடில்லை.

கருந்தட்டு:

வைப்பேன். தடைக்காலத்தில் அந்த நாட்டின் வானொலி எப்படி ஒலித்தது என்பதை அந்தப் பாடலைக் கேட்காமல் அறிய முடியாது. உறவு தெரிய வேண்டும் என்பதற்காகவே 'இன் தி சம்மர்டைம்' நகலையும் அதற்கு முன்னால் வைப்பேன்.