கேட்பதற்கு முன்பே செய்த ஆசிரியர்கள்

வரலாறு நடத்தும் உதவிப் பேராசிரியர்

இந்த ஆண்டு என் முதலாண்டு வகுப்பில் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரும், காது சரியாகக் கேட்காத மாணவி ஒருவரும் சேர்ந்திருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்திருக்கிறேன். 21 வகைக் குறைபாடுகளை அது பட்டியலிடுகிறது, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. சரி, சேர்க்கை நடந்துவிட்டது. திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் போகும்போது நான் எதை மாற்றிச் செய்ய வேண்டும்? படித்தவர்களும் நடத்தியவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். உதவியது, வலித்தது இரண்டும் எனக்கு வேண்டும்.

தமிழ் முதுகலை ஆசிரியர், அரசுப் பள்ளி

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நோட்ஸில் இருந்து தொடங்குகிறேன், என் கல்லூரி நாட்களில் பாதிச் சிரமம் அதில்தான் இருந்தது.

எங்கள் துறையில் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளைத்தான் தருவார்கள். கண்ணால் பார்ப்பவருக்கு அது தமிழ். கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானுக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். 'அம்மா' என்று இருக்கும் இடத்தில் அது 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று வாசிக்கும். இப்படியே முப்பது பக்கம் கேட்டுப் பாருங்கள். அதே பாடத்தை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தந்தால் கணினி தமிழாகவே வாசித்துவிடும். பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கையெழுத்து நோட்ஸைப் போனில் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் போடுவதும் எங்களுக்கு வெற்றுத்தாள்தான்.

இலக்கணம் நடத்திய பேராசிரியை ஒருவர் முதல் வகுப்பு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, "தம்பி, உனக்கு எந்த மாதிரி கொடுத்தா படிக்க வசதி?" என்று கேட்டார். அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. பார்வை எப்படிப் போனது, வீட்டில் யார் யார் என்றெல்லாம் விசாரிக்கவில்லை. அந்தப் பருவம் முழுக்க வகுப்புக்கு முந்தின நாளே கோப்பு வந்துவிடும். பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். 'இது போய் அங்கே சேருது' என்று கை காட்டாமல், 'நிலைமொழி ஈற்றில் இருந்த மகர மெய் கெட்டது' என்று பெயர் சொல்லியே நடத்துவார். கண் தெரிந்த மாணவர்களும் அவருடைய வகுப்பில்தான் புணர்ச்சி விதி புரிந்தது என்பார்கள்.

இன்னொருவர் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வகுப்பு முன்னால் நின்று, "இவருக்கு எல்லாரும் ஹெல்ப் பண்ணுங்கப்பா" என்று அறிவிப்பார். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து நான் சக மாணவன் இல்லை, பொறுப்பு. ஐயா, நீங்கள் கேட்க வேண்டியதைத் தனியாகக் கேளுங்கள். அவர்களாக வந்து கேட்கட்டும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பருவமும், ஒவ்வொரு ஆசிரியரிடமும், முதலில் இருந்து கேட்டுக் கேட்டு நாங்கள் ஓய்ந்துபோகிறோம்.

தேர்வில் சொல்வதை எழுதுபவராகப் போகும் பெண்

ஐயா கடைசியில் சொன்னதைத் தேர்வு அறையில் தொடர்ந்து பார்க்கிறேன். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், எழுதுபவரை வைத்துக்கொள்ளும் மாணவருக்குத் தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று இருந்தது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். எழுதப் போகிறவரை மாணவர் இரண்டு நாள் முன்பே சந்தித்துப் பேசவும் அதில் வழி இருந்தது. பருவத் தேர்வுக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் ஏதோ ஏற்பாடு செய்துவிடும்.

விட்டுப்போவது உள்மதிப்பீட்டுத் தேர்வுகள். "அடுத்த வாரம் யூனிட் டெஸ்ட்" என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போவார்கள். அன்று எனக்கு வேலை இருக்கும். கடைசி நேரத்தில் யாரையாவது பிடித்து வருவார்கள், வந்தவருக்கு அந்தப் பாடத்தின் சொற்களே புதிதாக இருக்கும். அந்த மதிப்பெண் முழுக்க ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. தேதியை முன்கூட்டியே சொல்வது, தனி அறை ஒதுக்குவது, கூடுதல் நேரத்தைக் கேள்வித்தாளைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது, இவை போதும். மற்றவர்கள் எழுதும் அறையிலேயே எங்களையும் உட்கார வைத்தால் விடை சொல்லும் மாணவர் அதைக் கிசுகிசுத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி வாக்கியம் எனக்கே கேட்பதில்லை.

ஒரு பொருளியல் ஆசிரியர் நன்றாக யோசித்திருந்தார். தேவை வளைவை வரையச் சொல்லும் கேள்விக்குப் பதிலாக, விலை ஏறும்போது தேவை கூடுமா குறையுமா, அதனால் வளைவு எந்தப் பக்கம் சரிந்திருக்கும், ஏன் என்று விளக்கச் சொல்லியிருந்தார். அந்தத் தேர்வுக்கு வந்த மாணவி சொல்லச் சொல்ல எழுதிய எனக்கே பாடம் விளங்கியது.

வணிகவியல் படித்து முடித்தவர்

நான் காதுக்கருவி போடுபவள். கருவியோடு உதட்டசைவையும் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு முழுதாகும். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினால் எனக்கு வகுப்பு அங்கேயே நின்றுவிடும். முகத்தை எங்கள் பக்கம் வைத்துப் பேசுங்கள், எழுதும்போது எழுதுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஸ்லைடு ஓட்டும்போதும் இதே சிக்கல்தான், உதடு தெரியாது.

முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பின்னால் ஒருவர் கேள்வி கேட்பார், வகுப்பே சிரிக்கும், எதற்கென்று தெரியாமல் நான் உட்கார்ந்திருப்பேன். எங்கள் கணக்குப்பதிவியல் சார் மட்டும் யார் என்ன கேட்டாலும் அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார். அன்றைக்கு வரப்போகும் புதுச் சொற்களைப் பலகையின் ஓரத்தில் முதலிலேயே எழுதிவைப்பார். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழிலும் வேலை செய்கிறது. என் போனை அவர் மேசையில் வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். வகுப்பில் போன் கூடாது என்ற விதியைக் காட்டி மறுத்தவர்களும் உண்டு.

சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் இருக்கின்றன. அங்கே ஒரே மாதிரித் தேவை உள்ளவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள். பொதுக் கல்லூரியில் தனியாளாக இருப்பவளின் நிலை வேறு. சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தேவைப்படுவதும் எனக்குத் தேவைப்படுவதும் ஒன்றில்லை. உங்கள் மாணவிக்கு எது சரி வரும் என்பதை அவரிடமே கேளுங்கள் சார்.

பொறியியல் கல்லூரிக் கணித ஆசிரியர்

என் மாணவர் ஒருவருக்குப் பேனாவைப் பிடித்துச் சிறிது நேரத்தில் விரல்கள் இறுகிக்கொள்ளும். மாற்றுத்திறனாளி சான்றிதழில் 40 சதவீதக் குறைபாடு இல்லை, எனவே தேர்வில் அவருக்காக எழுதுபவரைத் தர முடியாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் தந்த தீர்ப்பை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிமைப் பணித் தேர்வு எழுதிய அவருக்கும் எழுதும்போது கை இறுகும் பிரச்சினைதான். எழுதுபவரின் உதவியை 40 சதவீதக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது என நீதிமன்றம் சொன்னது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வந்தது. துறைத்தலைவர் படித்துப் பார்த்தார், அனுமதித்தார். பல இடங்களில் தடையாக இருப்பது தகவல் போய்ச் சேராததுதான் என்று நினைக்கிறேன்.

"மற்ற மாணவர்களுக்கு இது அநியாயம் இல்லையா?" என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். நான் சோதிப்பது வகைநுண்கணிதம் தெரிகிறதா என்பதை. விரலின் வலுவை நான் சோதிக்கவில்லை. கேள்வியில் ஒரு மதிப்பெண்கூட யாருக்கும் குறைக்கவில்லை, திருத்தும்போதும் சலுகை காட்டவில்லை.

ஊன்றுகோலோடு படித்தவர்

என் அனுபவம் சின்னது. வகுப்பு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. டைம்டேபிள் போடும் மேடம் எங்கள் வகுப்பையும் கீழ்த்தளத்து வகுப்பு ஒன்றையும் மாற்றிப்போட்டார். மனு, கமிட்டி எதுவும் இல்லை. மூன்று ஆண்டும் கீழ்த்தளத்திலேயே படித்தேன்.

பெயர் சொல்ல விரும்பாதவர்

எனக்கு இருப்பது மனநலம் சார்ந்தது. பார்த்தால் தெரியாது. சட்டத்தின் பட்டியலில் இதுவும் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மருந்து மாற்றும் வாரங்களில் காலையில் எழவே முடியாது, வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. ஒரு ஆசிரியர் என்ன நோய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அதன் பிறகு அந்த வகுப்புக்குப் போகவே பயந்தேன். என் வழிகாட்டி ஆசிரியை, "என்ன நோய்னு எனக்குச் சொல்ல வேண்டாம்மா. எந்தத் தேதிக்குள்ள அசைன்மென்ட் முடியும்னு மட்டும் சொல்லு" என்றார். நான் பட்டம் வாங்கியதற்கு அவர்தான் காரணம்.

வரலாறு நடத்தும் உதவிப் பேராசிரியர்

எல்லோருக்கும் நன்றி. இருவரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டேன். நோட்ஸை யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறேன். ஒன்று மட்டும் புரியவில்லை. சோழர், பாண்டியர் பகுதிகளை வரைபடம் இல்லாமல் நடத்த முடியாது. பார்வை இல்லாத மாணவருக்கு அதை எப்படிக் காட்டுவது?

தமிழ் முதுகலை ஆசிரியர், அரசுப் பள்ளி

கெட்டி அட்டையில் வரைபடத்தை ஒட்டி, கோட்டின் மேல் ஃபெவிகாலைத் தடித்து இழுத்துக் காயவிடுங்கள், விரலுக்குத் தட்டுப்படும். ஆற்றுக்குச் சணல் நூல், ஊருக்கு ஒரு பொட்டு. முதலில் அவர் விரலைக் காவிரியில் வைத்து, அங்கிருந்து வைகை எந்தப் பக்கம் என்று சொல்லித் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே அட்டையில் திணிக்காதீர்கள், விரல் குழம்பும். ஆறுகளுக்கு ஓர் அட்டை, தலைநகரங்களுக்கு ஓர் அட்டை, துறைமுகங்களுக்கு ஓர் அட்டை. செய்தபின் அவரிடமே கொடுத்து எது தட்டுப்படவில்லை என்று கேளுங்கள் ஐயா. அடுத்த ஆண்டு வருபவருக்கும் அது இருக்கும்.