வேலையை விடாமல் செவிலியர் படிப்பு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மருத்துவமனை வார்டில் செவிலியர் உதவியாளராக வேலை பார்க்கிறேன். பதிவு பெற்ற செவிலியர் ஆக ஆசை. ஆனால் சம்பளத்தை விட்டுவிட்டு முழுநேரம் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. பகுதிநேரமாகப் படித்தவர்கள் இருந்தால் உதவுங்கள்.

உடலியல், மருந்தியல் போன்ற பாடங்களை இரவுப் பணி முடிந்து வந்தும் இணையவழியில் படித்துவிடலாம். சிக்கல் மருத்துவமனைப் பயிற்சியில்தான். இரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவதையும் சிறுநீர்க்குழாய் பொருத்துவதையும் திரையில் பார்த்துப் பழக முடியாது. நோயாளியின் அருகில் நிற்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் பகலில். என் பணி அட்டவணையோ வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நிலையான ஷிப்ட் வேண்டுமென்று மேற்பார்வையாளரிடம் எப்படிக் கேட்டீர்கள்? எழுதிக் கொடுத்தீர்களா? சொந்த வார்டிலேயே பயிற்சி பெற அனுமதித்தார்களா? (எனக்குச் சந்தேகம்தான். அங்கே நின்றால் படுக்கை விரிப்பு மாற்றத்தான் கூப்பிடுவார்கள்.)

வார இறுதி வகுப்பு மட்டும் போதும் என்று ஆசை காட்டும் விளம்பரங்களை நான் நம்புவதில்லை. அங்கீகாரம் இல்லாத சான்றிதழை நீட்டினால் செவிலியர் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. சேருவதற்கு முன் அதை எப்படிச் சரிபார்த்தீர்கள்? பணி அனுபவத்துக்குப் பாட விலக்கு கிடைத்ததா? கட்டணத்தை மருத்துவமனையே ஏற்றிருந்தால், பதிலுக்கு எத்தனை ஆண்டுகள் அங்கேயே இருக்க ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள் என்பதையும் சொல்லுங்கள்.