ஹுவா குவோபெங்குக்கு ஒரு வரிதானா?

கேள்வி (தலவாக்கலை):
தாத்தாவின் லயத்துச் சுவரில், தோட்டத் தொழிலாளரின் செங்கொடிச் சங்கக் காலத்து மாவோ படம் தொங்குகிறது. பக்கத்தில், புகையேறிய சட்டத்துக்குள் குண்டு முகத்துடன், மாவோவுக்குப் பின் சீனாவின் தலைவரான ஹுவா குவோபெங். என் உயர்தர வகுப்புக் குறிப்பில் அவருக்கு ஒரே வரி. ஏன்?

பதில் (ஹட்டன்):
அநியாயம் தங்கச்சி! மாவோ 1976 செப்டம்பர் 9இல் மறைந்தார். அக்டோபர் 6இலேயே மாவோவின் மனைவி உட்பட, தீவிர இடதுசாரித் தலைவர்களான நால்வர் குழுவைக் கைதுசெய்ய வைத்தவர் இவர். அதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

பதில் (பண்டாரவளை):
நெஞ்சழுத்தம் சரி அண்ணா, சொந்தச் சரக்கு எங்கே? மாவோவின் முடிவுகள் அனைத்தையும் காப்போம் என்ற 1977ஆம் ஆண்டு நிலைப்பாட்டில் நின்றார். தலைமுடியைக்கூட மாவோ போலப் பின்னுக்கு வாரினார். 1978 டிசம்பரில், கட்சிக்குள் சீர்திருத்தம் கேட்ட டெங் சியாவோபிங்கின் கை ஓங்கியது. 1980இல் பிரதமர் பதவி போயிற்று, 1981இல் கட்சித் தலைமை.

பதில் (ஹட்டன்):
போயிற்றுதான், சிறைக்குப் போகவில்லையே. 2002 வரை மத்தியக் குழுவில் இருந்தார்.