விகடன் ஆசிரியர் சிறை சென்றது அடக்குமுறையா?

வைகைக்கரையான்:
1987இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனைத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியதைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் மீது விழுந்த பேரிடி என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆசிரியர் சில நாள்களிலேயே வெளியே வந்துவிட்டார் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். மக்கள் பிரதிநிதிகளைத் திருடர்கள் என்று அட்டையில் போட்டால் சபை கைகட்டி வேடிக்கை பார்க்க வேண்டுமா?

செங்கழுநீர்:
அந்த ஒருவர் நான்தான். மேடையில் இருப்பவர்களுள் ஜேப்படித் திருடன் போலிருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் போலிருப்பவர் மந்திரி என்று அடையாளம் சொல்லும் அட்டைப்பட நகைச்சுவை அது. எவருடைய பெயரும் அதில் இல்லை. மன்னிப்புக் கேட்க ஆசிரியர் மறுத்தார். உடனே, புகார் சொன்ன சபையே விசாரித்து, அதே சபையே தீர்ப்பும் எழுதி, மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. விதித்தது மூன்று மாதம் என்பதை நீங்கள் ஏன் விட்டுவிட்டீர்கள்?

வைகைக்கரையான்:
விதித்ததைப் பற்றி நான் பேசவில்லை, அனுபவித்ததைப் பற்றிப் பேசுகிறேன். எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே விடுதலையும் நடந்தது. அந்தப் பெருந்தன்மையை ஒப்புக்கொள்ள உங்களுக்கு மனம் வராது.

செங்கழுநீர்:
நாடெங்கும் பத்திரிகையாளர்கள் கொதித்தெழுந்த பிறகு திறந்த கதவுக்குப் பெருந்தன்மை என்று பெயர் சூட்டாதீர்கள். பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. அந்தப் பணத்தை அவர் செலவழிக்காமல் படச்சட்டத்துக்குள் வைத்து மாட்டிவைத்தார். சபை செய்தது சரியென்றால் நீதிமன்றம் எதற்காக இழப்பீடு கொடுத்தது?

கொல்லிமலை வாசகி:
இருவரும் 2003ஐ மறந்துவிட்டீர்கள். தலையங்கம் ஒன்றுக்காகவும் சட்டமன்றச் செய்திகளுக்காகவும் தி இந்து நாளிதழைச் சேர்ந்த ஐவருக்கும், அந்தத் தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்டதற்காக முரசொலி ஆசிரியருக்கும், நவம்பர் 7 அன்று 15 நாள் சிறை என்று சபை தீர்மானித்தது. போலீசார் அண்ணா சாலை அலுவலகத்துக்குள்ளேயே தேடிச் சென்றார்கள்.

வைகைக்கரையான்:
அதிலும் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததே, அம்மா! ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. 1987இல் சில நாள்கள், 2003இல் ஒரு நாள்கூட இல்லை. இதற்குப் பெயர் அடக்குமுறையா? நெருக்கடி நிலையில் தணிக்கை அதிகாரியிடம் காட்டாமல் ஒரு வரிகூட அச்சேற முடியாதிருந்தது, அதுதான் அடக்குமுறை.

செங்கழுநீர்:
நெருக்கடி நிலையைப் பற்றிப் போன மாதம் இதே இடத்தில் ரயில்கள் நேரத்துக்கு ஓடின என்று மெச்சியவர் நீங்கள். அன்று உங்களுக்குத் தணிக்கை நினைவில்லை, இன்று எனக்கு எதிராகப் பயன்படும் என்றதும் நினைவு வந்துவிட்டது. மறுபடியும் கேட்கிறேன்: அரசமைப்புச் சட்டத்தின் 194ஆம் பிரிவு சபைக்குத் தனி உரிமைகள் தருகிறது, அவற்றை மீறியதாகச் சொல்லித்தான் சபை தண்டிக்கிறது, ஆனால் எந்த எழுத்து உரிமை மீறல், எது விமர்சனம் என்று வரையறுக்கும் சட்டத்தை இத்தனை ஆண்டுகளாகச் சபை இயற்றவில்லை. எது குற்றம் என்று எழுதும் முன்னே தெரியாதபோது, எத்தனை நாள் சிறை என்று எண்ணுவதில் என்ன பயன்? அடுத்த வாரம் தலையங்கம் எழுத உட்காரும் ஆசிரியர், விடுதலையான நாளையா நினைப்பார், கைது செய்ய ஆள் வந்த நாளையா?

வைகைக்கரையான்:
ரயிலைப் பற்றி நான் சொன்னதைத் திரித்துவிட்டீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். உங்கள் கட்சி ஆட்சியில் பத்திரிகைகள் மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்குகளைப் பற்றி என்றாவது வாய் திறந்தீர்களா?

செங்கழுநீர்:
எனக்குக் கட்சி கிடையாது. எவர் தொடுத்தாலும் அவதூறு வழக்கையும் எதிர்க்கிறேன், ஆனால் அங்கே குறைந்தது ஒரு நீதிபதி இருக்கிறார். சபை தண்டித்தபோது நீதிபதி எங்கே இருந்தார் என்ற என் கேள்விக்கு நீங்கள் இதுவரை பதில் தரவில்லை.

வைகைக்கரையான்:
சில நாள்களில் வெளியே வந்தாரா, இல்லையா? அதை ஒப்புக்கொண்டால் மேலே பேசுவோம்.